பாய்மரப் படகும் பாடமும்: பயிற்சி நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைகளுக்குப் பாய்மரப் படகோட்டவும் சொல்லித்தந்து, அதோடு கணக்கையும் அறிவியலையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிகள் இப்போது பல இடங்களில் தொடங்கப்படுகின்றன. புதிதாகத் தொடங்குபவர்கள் தங்கள் திட்டத்தைக் காட்டிக் கருத்துக் கேட்பார்கள். பார்த்தால், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உயிர்காப்பு உடை, நீச்சல் தேர்வு, வெயிலுக்குத் தொப்பி, குடிக்கத் தண்ணீர் இதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கும் எவருக்கும் இவை தெரிந்திருக்க வேண்டும்.

பாடத்தை முழுக்க முடித்துவிட்டுப் படகில் ஏற்றுவது

முதல் வாரம் முழுக்கக் கரும்பலகை, அடுத்த வாரம் படகு என்று பிரிக்காதீர்கள். ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன். காற்றின் திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 டிகிரிக்குள் பாய்மரப் படகால் போக முடியாது என்று தேர்வுத்தாளில் படம் வரைந்து அம்புக்குறி போட்டுச் சரியாக எழுதியவன். தண்ணீரில் இறங்கியதும் காற்று வரும் பக்கமிருந்த மிதவையை நோக்கி நேராகப் படகைத் திருப்பினான். பாய் படபடவென்று அடித்தது, படகு நின்றது. ஏன் நின்றது என்று அவனுக்குப் புரியவே இல்லை. முதல் நாளே படகில் ஏற்றுங்கள். நின்றுபோன படகில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத்தான் அந்த 45 டிகிரி தேவைப்படும்.

காற்றில்லாத நாளை வகுப்பு நாளாக்குவது

இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். இத்தனை காலத்துக்குப் பிறகும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கேட்கும்போது நல்ல யோசனையாகத்தான் தோன்றும். காற்று இருந்தால் படகு. காற்று செத்துவிட்டாலோ இடி மழை வந்தாலோ அறைக்குள் பாடம். ஒரு நாளும் வீணாகாது என்று திட்டத்தாளில் பெருமையாக எழுதியிருப்பார்கள். நடக்கும்போது என்ன ஆகிறது? சில நாட்களிலேயே பிள்ளைகள் காலையில் வந்ததும் “இன்னைக்குப் படகா, கிளாஸா?” என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கிளாஸ் என்றதும் முகம் தொங்கிப்போகும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பயிற்சி, பாடத்தைத் தண்டனையாக மாற்றிவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

இன்னொரு சேதமும் உண்டு. பாடம் நடக்கும் நாளில் காற்று இல்லை. காற்று இருக்கும் நாளில் பாடம் இல்லை. காற்றின் விசையைப் பற்றிப் பேசும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு இலை கூட ஆடாது. அன்று படித்ததை உடனே கையில் பிடித்துப் பார்க்க வழியே கிடையாது. நல்ல காற்றடிக்கும்போதோ கேள்வி கேட்க யாருக்கும் நேரமில்லை.

ஒரு பருவத்தில் காற்று விடாமல் நன்றாக அடித்தது. நான் பார்க்கப் போயிருந்த ஒரு பயிற்சியில் அதனாலேயே பாதிக்கு மேல் பாடம் பாக்கியாகிவிட்டது. பள்ளிக்குச் சொன்ன பாடங்களை முடித்தாக வேண்டுமே என்று கடைசி வாரம் பிள்ளைகளை அறைக்குள் அடைத்துத் தாள் தாளாகக் கணக்குப் போட வைத்தார்கள். வெளியே அருமையான காற்று. படகுகள் கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அந்தப் பிள்ளைகளை அழைத்து வந்த ஆசிரியை பொறுமையானவர். அடுத்த வருடம் அனுப்புவது கஷ்டம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். படகு பழுதானால் சரிசெய்துவிடலாம். ஒரு பள்ளியின் நம்பிக்கை போனால் அதைத் திரும்பப் பெற வருடங்கள் ஆகும்.

சரி, வேறு என்ன செய்வது? படகுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் பாட நாள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் பத்து நிமிடம். அதில் விளக்கம் எதுவும் வேண்டாம், ஒரே ஒரு கேள்வி போதும். தண்ணீரில் அந்தக் கேள்விக்காக ஒரு வேலை. கரைக்கு வந்ததும், உடை மாற்றும் முன், படகுக்குப் பக்கத்திலேயே இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் நடப்பதுதான் உண்மையான வகுப்பு.

ஒரு உதாரணம். “நம் படகு எவ்வளவு வேகமாகப் போகிறது?” என்பது கேள்வி. பிள்ளைகள் தனியாக ஓட்டும் ஆப்டிமிஸ்ட் என்ற சிறிய படகின் நீளம் 2.3 மீட்டர். படகின் முன்முனைக்கு நேராக ஒரு ஆரஞ்சுத் தோலைத் தண்ணீரில் போட வேண்டும். அது பின்முனையைத் தாண்டும் வரை இன்னொரு படகில் வரும் பிள்ளை நொடிகளை எண்ணும். 2 நொடி ஆனால் வேகம் நொடிக்கு 1.15 மீட்டர், அதாவது ஏறத்தாழ 2.2 நாட். கடல் மைல் 1852 மீட்டர், ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல் என்ற இரண்டு தகவல்களை மட்டும் கொடுங்கள். மீதியை ஈரக் கையோடு அவர்களே போட்டுவிடுவார்கள். ஒரு முறை ஒரு சிறுமி, “தோலும் தண்ணியோட சேர்ந்து நகருதே, அப்ப கரையில இருந்து பார்த்தா வேற வேகம்தானே வரும்?” என்று கேட்டாள். நீரோட்டத்தைப் பற்றித் தனியாக வைத்திருந்த பாடம் அன்றே முடிந்துவிட்டது.

அதேபோல, காற்றுக்கு எதிரே 1 கிலோமீட்டர் தூரத்திலுள்ள மிதவைக்கு 45 டிகிரியில் வளைந்து வளைந்து போனால் மொத்தம் எவ்வளவு தூரம் ஓட்ட வேண்டும்? ஏறத்தாழ 1.41 கிலோமீட்டர். எத்தனை முறை டாக் செய்தாலும், அதாவது முன்முனையைக் காற்றுக்குக் குறுக்கே மறுபக்கம் திருப்பினாலும், அந்த நீளம் மாறாது. “இல்ல, அடிக்கடி திரும்பினா தூரம் கூடும்” என்று ஒரு கூட்டமே சண்டைக்கு வரும். வரட்டும். மணலில் குச்சியால் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். தூரம் கூடாது. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் படகு வேகம் இழக்கும், அதனால் நேரம் கூடும். தூரம் வேறு, நேரம் வேறு என்பது அங்கே விளங்குகிற மாதிரி எந்தப் பலகையிலும் விளங்காது.

அப்படியானால் காற்றில்லாத நாளில் என்ன செய்வது? அன்றும் தண்ணீர் இருக்கிறது. படகு கவிழ்த்து நிமிர்த்தும் பயிற்சிக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது. துடுப்புப் போடலாம், படகைச் சும்மா மிதக்கவிட்டு நீரோட்டத்தை அளக்கலாம். இடி மின்னல் நாளில் அறைக்குள் இருந்துதான் ஆக வேண்டும். கடல் வரைபடத்தை மேசையில் விரித்து அளப்பதற்கு அந்த நாளை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேசை தேவை.

கவிழ்வதைத் தோல்வியாகக் காட்டுவது

படகு கவிழ்ந்தவுடன் கரையிலிருந்து எல்லோரும் கத்தினால் அந்தப் பிள்ளை அப்புறம் காற்றைப் பார்த்தாலே பயப்படும். கவிழ்ந்த படகு நல்ல நெம்புகோல் பாடம். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நிற்கும்போது படகை ஒட்டி நின்றால் திருப்புவிசை குறைவு; வெளியே நகர நகரக் கூடும். அதே எடை, தூரம் மட்டும் மாறுகிறது. பாய்க்கயிற்றை முதலில் தளர்த்தாவிட்டால் நிமிர்ந்த படகு மறுபடியும் காற்றைப் பிடித்துக் கவிழும். இதை எல்லோரையும் செய்யவைத்துவிட்டுப் பேசுங்கள். கொஞ்சம் எடை கூடிய பிள்ளைகளைப் பலகையின் நுனிவரை போக விடாதீர்கள், முறிந்துவிடலாம்.

பழைய தவறான விளக்கத்தைச் சொல்லிக்கொடுப்பது

பாயின் வளைந்த பக்கம் நீளம் அதிகம், அந்தப் பக்கக் காற்று மறுபக்கக் காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும், அதனால் வேகமாக ஓடுகிறது என்று இன்னமும் பல ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அது தவறு. சேர்ந்தே போக வேண்டும் என்று காற்றுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. பாய் என்பது மெல்லிய துணி. அதன் இரண்டு பக்கத்தையும் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள், நீளம் ஒன்றுதான் என்று பத்து வயதுப் பிள்ளையே கண்டுபிடிக்கும். பாய் காற்றின் பாதையைத் திருப்புகிறது, காற்று பதிலுக்குப் பாயைத் தள்ளுகிறது. படகு பக்கவாட்டில் வழுக்காமல் நடுப்பலகை தடுக்கிறது, அதனால் முன்னே போகிறது. தொடக்கத்துக்கு இது போதும், இதில் பொய்யும் இல்லை.

8 நாட் காற்றுக்குப் போட்ட திட்டத்தை 16 நாட் காற்றில் நடத்துவது

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் அதன் விசை நான்கு மடங்கு. இது பிள்ளைகளுக்கான பாடம் மட்டுமல்ல, அன்றைய நிகழ்ச்சியைக் கையில் வைத்திருக்கும் பெரியவருக்கும்தான்.

ஒருவரே காவலும் பாடமும் பார்ப்பது

பாதுகாப்புப் படகில் இருப்பவர் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் கையில் கேள்வித்தாளைக் கொடுக்காதீர்கள். பாடம் நடத்தத் தனி ஆள் இல்லையென்றால் அன்றைக்குப் பாடத்தைக் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வயது பார்க்காமல் படகு கொடுப்பது

1947-இல் கிளார்க் மில்ஸ் வடிவமைத்த ஆப்டிமிஸ்ட், 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கான ஒற்றையாள் படகு. வளர்ந்தவர்களை அதில் மடித்து உட்காரவைத்தால் முழங்கால் வலியைத் தவிர எதுவும் கற்கமாட்டார்கள். அவர்களுக்கு 420 போன்ற இருவர் படகு கொடுங்கள். இருவர் இருந்தால் பேசித்தான் ஓட்ட வேண்டும். ‘இப்போது ஏன் திரும்புகிறாய்?’ என்ற கேள்வி படகுக்குள்ளேயே எழும்.

முடிச்சுகள்

போலைன் என்ற இறுகாத வளைய முடிச்சு, 8 வடிவ முடிச்சு, கயிறு கட்டும் கொம்பான கிளீட்டில் கட்டும் முறை. மூன்று போதும்.

மதிப்பெண்

வேண்டாம்.

பேனா

ஈரத்தில் மை கரையும். பென்சில் கொடுங்கள். ஒவ்வொரு படகுக்கும் ஒரு நோட்டு, அதில் தேதி, காற்றின் திசை, ஆரஞ்சுத் தோல் எடுத்த நொடிகள், அன்று பதில் கிடைக்காத ஒரு கேள்வி. மறுநாள் பத்து நிமிடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள்.