காவிரியில் விலங்கு மிதவையுயிரிகளைத் திரட்டி எண்ணும் முறை

ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளமும் 81,155 சதுர கிலோமீட்டர் வடிநிலமும் கொண்ட காவிரியில், நீரில் மிதந்து வாழும் நுண்ணுயிர்களான மிதவையுயிரிகளில் எது எங்கே வாழ்கிறது என்பதை ஓரிடத்து நீரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. நுண்ணோக்கியைக் கையாளத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் இடங்களைத் தேர்ந்தெடுங்கள். மேட்டூர் நீர்த்தேக்கம், நெரிஞ்சிப்பேட்டை கதவணை, பவானி கலக்கும் கூடுதுறை, கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு ஆகியவை நல்ல தொடக்கம். ஒவ்வோரிடத்திலும் நடு ஓட்டத்திலிருந்து ஒரு மாதிரியும், செடிகொடி அடர்ந்த கரையோரத்திலிருந்து ஒரு மாதிரியும் எடுங்கள். இரண்டையும் ஒரே புட்டியில் கலக்க வேண்டாம். கைடோரஸ், அலோனா போன்ற கிளாடோசெரா (நீர்த்தெள்ளு) இனங்கள் பெரும்பாலும் கரையோரத்தையே சார்ந்து வாழ்பவை.

அடுத்தது வலை. முடிவுகள் பெரும்பாலும் பிழைபடுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஓடும் நீரில் வழக்கமாக மிகுந்திருப்பவை ரோட்டிஃபர்கள் எனும் மிகச் சிறிய விலங்குகள். சில நாள்களிலேயே முதிர்ந்து, ஆணின்றியே பெருகிவிடுவதால், அடித்துச் செல்லப்பட்டாலும் அவற்றால் தொகையை நிலைநிறுத்திக்கொள்ள முடிகிறது. முதிர்ச்சியடைய வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் கோப்பிபாட்கள் எனும் நுண்ணிய ஓட்டுடலிகளுக்குத் தேங்கிய நீரே ஏற்றது. ஆனால் கெரடெல்லா போன்ற ரோட்டிஃபர்கள் பலவும் 200 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியவை. 150 மைக்ரான் கண்ணளவுள்ள வலையை எடுத்துச் சென்றால் அவற்றில் பெரும்பகுதி நழுவிவிடும். அணையில் உயிர்வளம் மிகுதி, ஆற்றில் வறுமை என்ற பொய்யான படமே மிஞ்சும். எனவே 50 மைக்ரான் கண்ணளவுள்ள நைலான் சல்லடைத் துணியால் (போல்ட்டிங் துணி) தைத்த வலையையே எல்லா இடங்களிலும் பயன்படுத்துங்கள்.

வலையை நீரில் இழுப்பதைவிட, அளவு குறித்த வாளியால் 100 லிட்டர் நீரை மொண்டு அதில் ஊற்றி வடிப்பதையே நான் விரும்புகிறேன். கலங்கல் நீரில் நுண்கண்கள் அடைத்துக்கொள்ளும்போது, இழுக்கும் வலையினுள் எவ்வளவு நீர் புகுந்தது என்பது தெரியாமல் போகும். வாளியில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. எல்லா இடங்களிலும் அதிகாலையிலேயே எடுங்கள், ஏனெனில் ஆழமான தேக்கங்களில் பெரிய இனங்கள் பல பகலில் கீழே இறங்கிவிடுகின்றன.

வடித்ததில் ஒரு துளியை உயிருடனேயே பார்த்துவிடுங்கள். ரோட்டிஃபர்களில் ஒரு பிரிவான டெல்லாய்டுகள், பதப்படுத்தும் திரவமான ஃபார்மலின் பட்டவுடன் உருத்தெரியாமல் சுருங்கிவிடும். மீதியை 4 விழுக்காடு ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தும்போது சிறிது சர்க்கரையும் சேருங்கள். 1973இல் ஹேனி, ஹால் இருவரும் முன்வைத்த இந்த முறை, கிளாடோசெராக்களின் ஓடு உப்பி முட்டைகள் சிதறுவதைத் தடுக்கிறது.

எண்ணுவதற்கு 1 மில்லிலிட்டர் கொள்ளும் செட்ஜ்விக்-ராஃப்டர் சில்லு போதும். புட்டியை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கி, அகன்ற வாயுள்ள பிப்பெட்டால் எடுங்கள். பதப்படுத்திய மாதிரியின் மொத்த அளவு 50 மில்லிலிட்டராகவும், சில்லில் எண்ணியவை 24 ஆகவும் இருந்தால், 24 × 50 = 1,200; அதை வடித்த 100 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 12. குறைந்தது மூன்று சில்லுகளை எண்ணிச் சராசரி காணுங்கள்.

இன அடையாளத்தில் அவசரம் கூடாது. பிராக்கியோனஸ் எனும் ரோட்டிஃபரின் இனங்களை ஓட்டின் முட்களைக் கொண்டு பிரிக்கலாம். கோப்பிபாட்களில் ஒரு பிரிவான கலனாய்டுகளுக்கோ ஆணின் ஐந்தாம் காலைப் பிரித்தெடுத்துப் பார்த்தாக வேண்டும். கோப்பிபாட்களின் குஞ்சுப்பருவமான நாப்ளியஸ்களை இனமாகக் கணக்கிடாமல் தனியே குறியுங்கள்.

பிற்சேர்க்கை: பதப்படுத்தலில் வழக்கமாகச் சொல்லப்படும் '4 விழுக்காடு' என்பது ஃபார்மலினா, ஃபார்மால்டிஹைடா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். இங்கே நான் கருதுவது ஃபார்மால்டிஹைடு. கடையில் கிடைக்கும் ஃபார்மலினில் அது 37 முதல் 40 விழுக்காடு வரை இருப்பதால், 45 மில்லிலிட்டர் மாதிரியோடு 5 மில்லிலிட்டர் ஃபார்மலினையும் 2 கிராம் சர்க்கரையையும் சேர்த்தால் கணக்குச் சரியாக வரும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால் கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் மட்டுமே கையாளுங்கள்.