கழுத்துக் கட்டிக்கு ஊசி டெஸ்ட்: ரிப்போர்ட்டைத் தப்பாகப் படிக்காதீர்கள்

பாம்பனில் பாசி எடுக்கப் போகும் என் மதினிக்குக் கழுத்தில், தைராய்டு சுரப்பியில், கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. எச்சில் விழுங்கினால் அதுவும் கூடவே ஏறி இறங்கும். ரத்தத்தில் தைராய்டு நார்மல். கடல் மீன் தின்கிறவர்களுக்கு இதெல்லாம் வராது என்றார்கள் தெருவில். ஒருவழியாக மெல்லிய ஊசியைக் கட்டியில் குத்தி, செல்லை எடுத்துப் பார்த்தால், ரிப்போர்ட்டில் ‘செல்கள் போதுமான அளவு இல்லை’ என்று இருந்தது. கேன்சர் செல் இல்லை என்று நாங்களாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டோம். ரேஷன் கார்டு வைத்த பாலிதீன் பையில் அந்தத் தாள் எட்டு மாதம் கிடந்தது.

அது பெரிய தப்பு. செல் போதவில்லை என்றால் டெஸ்டே எடுக்காத மாதிரிதான். அந்தச் செல்லைத் தடவிய கண்ணாடி ஸ்லைடில் குறைந்தது 6 கூட்டம், கூட்டத்துக்கு 10 செல்லாவது தெரிந்தால்தான் பொதுவாகக் கணக்கில் எடுப்பார்கள். ரத்தமோ நீரோ மட்டும் வந்தால் மறுபடி குத்த வேண்டும். நீர் கோத்த கட்டியில் சதையுள்ள இடத்தில் குத்த வேண்டும். அதனால்தான் கையால் தடவிக் குத்துவதைவிட ஸ்கேனில் பார்த்துக்கொண்டே குத்துவது நல்லது. மதினிக்கு இரண்டாம் முறை அப்படித்தான் செய்தார்கள், ‘பெதஸ்டா 2’ என்று வந்தது.

உடனே அண்ணன், “ரெண்டாவது ஸ்டேஜா?” என்று பதறினார். அது ஸ்டேஜ் இல்லை, பெதஸ்டா என்பது ஊசி டெஸ்ட் முடிவுக்குக் கொடுக்கும் நம்பர். 1 என்றால் செல் போதாது, 2 என்றால் சாதாரணக் கட்டி, 6 என்றால் புற்றுநோய். 3, 4, 5 நடுவில் உள்ள சந்தேகங்கள்.

அதில் 4 வந்தவர்கள்தான் டாக்டரோடு சண்டைக்குப் போகிறார்கள். “ஊசி போட்டும் தெரியலைன்னா எதுக்கு ஆபரேஷன்?” நியாயமான கேள்விதான். 4 என்றால் ஃபாலிகுலர் என்ற வகைக் கட்டியோ என்று சந்தேகம். அந்த வகையில் நல்லதும் கெட்டதும் செல்லைப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். கட்டியின் உறையையோ ரத்தக்குழாயையோ துளைத்திருந்தால்தான் அது புற்றுநோய். ஊசியில் வருவதோ உதிரி செல்கள். கூடையில் கிடக்கும் மீனைப் பார்த்து வலை கிழிந்திருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் பல நேரம் பாதிச் சுரப்பியை எடுத்து, உறையை முழுக்கப் பார்க்கிறார்கள். பார்த்த பிறகு, ஒன்றும் இல்லை என்றும் வரலாம்.

2 வந்தவர்களும் ஸ்கேனை விட்டுவிடக் கூடாது. அரிதாக அதுவும் தவறும். ஸ்கேனில் கட்டி சந்தேகமாகத் தெரிந்தால், 2 வந்திருந்தாலும் திரும்பக் குத்தச் சொல்வார்கள். ரத்தத்தில் தைராய்டு நார்மல் என்பதும் கட்டிக்குக் கொடுத்த சான்றிதழ் இல்லை.

ஊசி பட்டால் கட்டி பரவும் என்கிறார்கள். மெல்லிய ஊசி அது, பரவுவது மிக மிக அரிது. ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள், அது போதும். 1 செ.மீ.க்குக் கீழே உள்ள கட்டிக்குப் பெரும்பாலும் ஊசியே வேண்டியதில்லை.

எங்கள் பக்கம் ஆஸ்பத்திரி வேலையையெல்லாம் மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தள்ளுவது வழக்கம். தைராய்டு கட்டி பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும், பரவாயில்லை. ஆனால் குரல் கம்மினாலோ, கட்டி சட்டென்று பெருத்தாலோ, ஏப்ரல் 15 வரை காத்திருக்காதீர்கள். அப்புறம், மதுரைக்குப் போனால் ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.