திரைவாசிப்பான் அமைப்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்வையற்றவர்களுக்காகத் திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்தான் திரைவாசிப்பான்; அதில் ஒன்று என்விடிஏ. கணினியில் அதை நிறுவியதும், வீட்டில் பார்வையுள்ள யாராவது ஒருவர் உட்கார்ந்து, தன் காதுக்குப் புரிகிற வேகத்தில் குரலை வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். என்னைக் கேட்டால் முதல் தவறே இதுதான். நாள் முழுக்கக் காதால் கேட்டு வேலை செய்பவருக்கு ஒரு மாதத்திலேயே அந்த வேகம் போதாமல் போகும். அதனால் மாற்றும் வழியை அவருக்கே சொல்லிக்கொடுங்கள். இன்செர்ட், கன்ட்ரோல் இரண்டையும் பிடித்துக்கொண்டு இடது வலது அம்புக்குறியை அழுத்தினால் வேகம், சுருதி, ஒலியளவு என்று ஒவ்வொன்றாக வரும். மேல் கீழ் அம்புக்குறியால் கூட்டிக் குறைக்கலாம். லேப்டாப் விசையமைப்பில் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

லேப்டாப் என்றதும் இன்னொன்று. பல லேப்டாப்களில் இன்செர்ட் விசை கைக்கு எட்டாத மூலையில் இருக்கும். முதல்முறை என்விடிஏ திறக்கும்போது வரும் வரவேற்புப் பெட்டியிலேயே இன்செர்ட்டுக்குப் பதில் கேப்ஸ்லாக்கை என்விடிஏ கட்டளைகளுக்கான விசையாக வைத்துக்கொள்ளலாம். பலரும் அதைப் படிக்காமல் எண்டர் தட்டிவிடுகிறார்கள்.

திடீரென்று குரல் நின்றுவிட்டால் உடனே கணினியை அணைத்துப் போடாதீர்கள். கன்ட்ரோல் எஸ் அழுத்தப் போய் விரல் தவறி இன்செர்ட் எஸ் விழுந்திருக்கலாம். அது பேச்சு முறையை மாற்றும் விசை. பேச்சு திரும்பும்வரை அதையே ஒவ்வொரு முறையாக, நிதானமாக அழுத்துங்கள்.

நிதானம் இன்னோர் இடத்திலும் வேண்டும். இன்செர்ட் கன்ட்ரோல் ஆர் ஒருமுறை அழுத்தினால், கடைசியாகச் சேமித்த அமைப்புக்குத் திரும்பும். பதற்றத்தில் மூன்று முறை வேகமாகத் தட்டினால் எல்லாம் நிறுவிய அன்றைய நிலைக்கே போய்விடும். நல்ல அமைப்பு அமைந்ததும் இன்செர்ட் கன்ட்ரோல் சி அழுத்திச் சேமித்துவிடுங்கள். மூடும்போது தானாகச் சேமிக்கும் வசதி இருக்கிறதுதான், ஆனால் நடுவில் கரண்ட் போனால் அது உதவாது.

நிறுத்தற்குறிகளை எந்த அளவுக்கு வாசிக்க வேண்டும் என்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. கதை படிக்கும்போது 'எல்லாம்' என்று வைத்தால் ஒவ்வொரு காற்புள்ளியும் காதில் இடிக்கும். தொல்லை என்று 'எதுவுமில்லை' வைத்தால் மின்னஞ்சல் முகவரியில் அட் குறியே கேட்காமல் போகும். இன்செர்ட் பி-யை அழுத்தி வேலைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். முகவரி, கடவு எண் மாதிரியானவற்றை எந்த அளவில் வைத்திருந்தாலும் இடது வலது அம்புக்குறியால் எழுத்து எழுத்தாக நகர்ந்து கேட்பதே பாதுகாப்பு.

அடுத்தது தமிழ். என்விடிஏ-வோடு வரும் ஈஸ்பீக் என்ற பேச்சுப்பொறியில் தமிழ் உண்டு. இயந்திரக் குரல்தான், ஆனால் விசை அழுத்திய நொடியில் பதில் சொல்லும். இயல்பான குரல் வேண்டுமென்றால் விண்டோஸின் பேச்சு அமைப்பில் 'வள்ளுவர்' குரலை இறக்கிக்கொண்டு, என்விடிஏ-வில் இன்செர்ட் கன்ட்ரோல் எஸ் அழுத்தி விண்டோஸின் பேச்சுப்பொறியான விண்டோஸ் ஒன்கோரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குரலை இறக்குவதோடு நிறுத்திவிட்டு, மாறவில்லையே என்று குழம்புபவர்கள் உண்டு.

சில கோப்புகளை மட்டும் எந்தக் குரலில் கேட்டாலும் ஒன்றும் புரியாது. அமைப்பு கெட்டுவிட்டது என்று என்விடிஏ-வை நீக்கி மறுபடி நிறுவுவது வீண் வேலை. கோளாறு பெரும்பாலும் எழுத்துருவில் இருக்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்குத் தமிழ்தான். உள்ளே இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கிறது, பாவம். பழைய சுற்றறிக்கைகளிலும் வினாத்தாள்களிலும் இந்தத் தொல்லை நிறைய. ஒரு வரியை எழுத்து எழுத்தாகக் கேட்டுப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளாக வந்தால், தமிழைத் தமிழ் எழுத்தாகவே பதிவுசெய்யும் யூனிகோடு முறைக்கு மாற்றும் எழுத்துருமாற்றியில் போட்டெடுங்கள். அனுப்பியவரிடம் யூனிகோடிலேயே அனுப்பச் சொல்லிக் கேட்கவும் தயங்காதீர்கள்.