மட்டக்களப்பு, அம்பாறைக்கு அவசர சிகிச்சை சொல்லிக்கொடுக்க வரும் டொக்டர்மாருக்கு

லண்டன், டொரன்டோ, சிட்னி, சென்னை என்று எங்கெங்கோ அவசர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்யும் நம் டொக்டர்மார் பலருக்கு, லீவில் ஊருக்கு வரும்போது இரண்டு மூன்று நாளாவது இங்குள்ள வைத்தியசாலை ஆட்களுக்குப் படிப்பிக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. நல்ல ஆசை, தாராளமாக வாருங்கள். ஆனால் யாருக்குப் படிப்பிப்பது, எதைப் படிப்பிப்பது, எதை அங்கேயே விட்டுவிட்டு வருவது என்று முன்கூட்டியே யோசித்துக்கொண்டு வந்தால்தான் அந்த இரண்டு நாளுக்கும் ஒரு பெறுமதி இருக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைப் பக்கத்துச் சின்ன வைத்தியசாலைகளில் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதல் விஷயம், யாருக்கு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் ஒரு விரிவுரை வைப்பது சுலபம். மண்டபம் கிடைக்கும், கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் வருவார்கள், நல்ல கேள்விகளும் கேட்பார்கள். ஆனால் அங்கே விசேட வைத்திய நிபுணர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், மாணவர்களுக்கு ஆசிரியர்களும் இருக்கிறார்கள். உங்கள் கை தேவைப்படுவது வாவிக்கு அந்தப் பக்கம்: மகிழடித்தீவு, கரடியனாறு, வடக்கே போனால் வாகரை, தெற்கே போனால் திருக்கோவில், பொத்துவில் போன்ற இடங்களில். பிரதேச வைத்தியசாலை ஒன்றில் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு டொக்டர், ஒரு மிஸ்ஸி (தாதி), ஒரு சிற்றூழியர், வெளியே அம்புலன்ஸ் சாரதி, அவ்வளவுதான் ஆட்கள். டொக்டர் இடமாற்றம் கிடைத்ததும் போய்விடுவார், நீங்கள் எப்படியும் போய்விடுவீர்கள், அதே ஊரில் வீடு வாசலோடு வருஷக்கணக்காக நிற்பவர்கள் மிஸ்ஸியும் சிற்றூழியரும் சாரதியும்தான், ஆகவே பாடத்தை அவர்களை வைத்தே திட்டமிடுங்கள். "டொக்டர்மாருக்கு மட்டும்" என்று ஒரு பயிற்சி போட்டால் அதில் பாதிப் பயன் அப்போதே போய்விடும்.

அனுமதி எடுக்கும் வேலையைக் குறைந்தது மூன்று நான்கு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருகிறது, பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். மாகாணத்துக்கு உட்பட்டவை என்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுத வேண்டும். இதில் வெளியூர்க்காரர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களுக்கு அம்பாறையில் கடிதம் கொடுத்துப் பயனில்லை, கல்முனையில் தனிப் பணிப்பாளர் பணிமனை இருக்கிறது, அங்கேதான் போக வேண்டும். அப்புறம், இலங்கை மருத்துவக் கவுன்சிலின் பதிவு இல்லாமல் இங்கே ஒரு நோயாளிக்கும் நீங்கள் சிகிச்சை செய்யக் கூடாது, வெளிநாட்டில் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் இதுதான் சட்டம். தற்காலிகப் பதிவு எடுக்க வழி உண்டு. எடுக்கவில்லை என்றால் படிப்பிப்பதோடு நில்லுங்கள், "ஒரு கை கொடுங்கள் சேர்" என்று யாராவது அவசரத்தில் கூப்பிட்டாலும் பக்கத்தில் நின்று வாயால் சொல்லுங்கள், செய்வது அவர்களாக இருக்கட்டும். விசா எந்த வகை வேண்டும் என்பதையும் டிக்கெட் போடுவதற்கு முன் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

காலம் பார்ப்பதும் முக்கியம். கார்த்திகை, மார்கழி வேண்டவே வேண்டாம், மழையும் வெள்ளமுமாக இருக்கும், படுவான்கரையில் சில பாதைகள் தண்ணீருக்குள் போய்விடும். மாசி, பங்குனி பெரும்போக வேளாண்மை வெட்டுக் காலம், வயலில் பாம்புக் கடி கூடும், ஆட்களை வேலையிலிருந்து எடுப்பது கஷ்டம். சித்திரை வருஷப் பிறப்பு தாண்டி ஆவணிக்குள் வருவது பரவாயில்லை, ஆனால் ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் இருக்கிறது, ஊர்க் கோயில் சடங்குகள் வரிசையாக வரும், நோன்பு மாதம் எப்போது என்றும் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்தில் முக்கியமான பகுதியை வைக்காதீர்கள், முஸ்லிம் சகோதரர்கள் ஜும்மாவுக்குப் போக வேண்டும். ஒரே பயிற்சியை இரண்டு தொகுதியாகப் பிரித்து இரண்டு தடவை நடத்துங்கள், ஏனென்றால் எல்லோரையும் ஒரே நாளில் கூப்பிட்டால் டியூட்டிக்கு ஆள் இருக்காது.

எதைப் படிப்பிப்பது

வைத்தியசாலைக்கு ஒரு நாள் முன்னதாகவே போய், அவசர சிகிச்சை அறையின் அலுமாரியைத் திறந்து பாருங்கள். பொறுப்பு மிஸ்ஸியிடம் கேட்டுத்தான் திறக்க வேண்டும். அதில் இருக்கும் சாமான்தான் உங்கள் பாடத்திட்டம். அல்ட்ராசவுண்ட் இல்லாத இடத்தில் அல்ட்ராசவுண்ட் படிப்பிப்பதில் என்ன லாபம்? அம்பு பை (கையால் அமத்தி மூச்சுக் கொடுக்கும் பை) எத்தனை, முகமூடி என்னென்ன அளவில் இருக்கிறது, ஒட்சிசன் சிலிண்டரின் சாவி எங்கே தொங்குகிறது, உறிஞ்சும் இயந்திரம் ஓடுகிறதா, மின்சாரம் போனால் என்ன செய்வார்கள், அட்ரினலினும் அட்ரோபினும் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் பக்கத்தில் இரவில் வந்து சேரும் அவசரங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரியானவை. மோட்டார் சைக்கிள் விபத்து, பாம்புக் கடி, பூச்சிமருந்து அல்லது அலரி விதை உட்கொண்டவர்கள், மூச்சிழுப்பு, நெஞ்சு வலி, வாவியிலும் குளத்திலும் மூழ்கியவர்கள், எல்லைக் கிராமங்களில் யானை அடித்தவர்கள். இவற்றில் பாம்புக் கடியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டில் படித்தவர்களுக்கு மிகக் குறைவாகத் தெரிந்தது இதுதான், இங்குள்ளவர்களுக்கு மிக நன்றாகத் தெரிந்ததும் இதுதான்.

கட்டுவிரியன் கடி பெரும்பாலும் இரவில், வாடியிலோ வீட்டிலோ நிலத்தில் படுத்திருப்பவருக்கு நடக்கும். வலி பெரிதாக இருக்காது, அதனால் முதலில் பரிகாரியாரிடம் (நாட்டு வைத்தியரிடம்) போய்விட்டு விடியப்புறம்தான் வைத்தியசாலைக்கு வருவார்கள். இமை கனத்து விழுவதுதான் தசை செயலிழப்பின் முதல் அடையாளம். "மேலே பாருங்கோ" என்று சொல்லி இமை உயர்கிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுங்கள், சிற்றூழியர்கூட இதைச் செய்யலாம். பிறகு விழுங்க முடியாது, கழுத்தைத் தூக்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். இந்த நிலையில் ஆளைப் பார்த்தால் செத்துப்போனவர் மாதிரியே தெரியும், ஆனால் அவருக்கு நினைவு இருக்கலாம், நாம் கதைப்பது எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். மட்டக்களப்பு போய்ச் சேரும் வரை யாராவது அவருக்காகக் கையால் மூச்சுக் கொடுத்தால் அவர் பிழைத்து வீட்டுக்கு நடந்து போவார். அந்தக் கை மிஸ்ஸியுடையதாகவோ சிற்றூழியருடையதாகவோதான் இருக்கப் போகிறது.

ஆகவே அம்பு பையை வைத்து அரை நாள் செலவழியுங்கள். எல்லோரும் "அது தெரியும் சேர்" என்பார்கள், கையில் கொடுத்துப் பார்த்தால் பத்தில் ஏழு பேருக்காவது முகமூடியின் ஓரத்தால் காற்றுப் போகும், அதைக் குறையாகச் சொல்லாமல் திரும்பத் திரும்பச் செய்ய விடுங்கள். தனி ஆளாகப் பிடிப்பதைவிட இரண்டு பேராகச் செய்வது எவ்வளவோ நல்லது. ஒருவர் தலைமாட்டில் நின்று இரண்டு கையாலும் முகமூடியைப் பிடித்து, தாடையை முகமூடிக்குள் இழுத்து எடுப்பதுபோல் உயர்த்த வேண்டும், முகமூடியை முகத்தில் அமுக்கக் கூடாது. மற்றவர் பையை அமத்துவார். பெரியவர்களுக்கு ஆறு செக்கனுக்கு ஒரு தடவை, நெஞ்சு உயர்வது கண்ணுக்குத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் அமத்தினால் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தி வரும், அதோடு வேலை கெட்டுவிடும். பயத்தில் எல்லோரும் வேகமாகத்தான் அமத்துவார்கள், ஆகவே வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். நன்றாக வந்த பிறகு ஓடும் அம்புலன்ஸுக்குள் வைத்து அதையே செய்து பாருங்கள், சாரதியையும் சேர்த்துக்கொண்டு. வளைவில் தலை அசையும்போது தாடையைப் பிடித்துக்கொண்டிருப்பது வகுப்பறையில் வராத பாடம்.

கண்ணாடி விரியனுக்கு இருபது நிமிட இரத்த உறைவுச் சோதனை. இரண்டு மில்லி லீற்றர் இரத்தத்தைக் காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசையாமல் வைத்து, ஒரு தடவை சரித்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாயில் விட்டால் பிழையான முடிவு வரும், சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயிலும் அப்படித்தான். நேரம் எழுதி வைக்காமல் குழாயை மேசையில் வைத்துவிட்டு வேறு நோயாளியிடம் ஓடிவிடுவது வழக்கம், அதனால் குழாயிலேயே நேரம் எழுதி ஒட்டப் பழக்குங்கள்.

விஷமுறிவு மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை வருவது இங்கே சாதாரணம். நாம் பாவிக்கும் மருந்து இந்தியாவில் செய்தது, மூன்று நான்கு பாம்புகளுக்கு அது வேலை செய்யும், குழிவிரியனுக்கு வேலை செய்யாது. ஏற்றுவதற்கு முன் தோலுக்குக் கீழ் 0.25 மில்லிகிராம் அட்ரினலின் கொடுத்தால் கடுமையான ஒவ்வாமை குறைகிறது என்று காட்டிய ஆய்வு இலங்கையிலேயே நடந்தது. இதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இல்லாமல் இருக்கலாம். அதனால் பாம்புக் கடி வகுப்பை இங்குள்ள டொக்டர் ஒருவர் நடத்தட்டும், நீங்கள் முன் வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். ஒவ்வாமை வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை நீங்கள் எடுங்கள். அட்ரினலின் என்றால் பலருக்கு இன்னும் ஒரு பயம், ஹைட்ரோகோர்ட்டிசோனைத் தேடித்தான் முதலில் கை போகும். பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில், தாமதிக்காமல். மருந்துக் குப்பியை உடைத்து ஊசியில் எடுத்து அளவு காட்டும் வரை ஒவ்வொருவரையும் செய்ய வைத்தால் அந்தப் பயம் போய்விடும்.

பூச்சிமருந்துக்கு அட்ரோபின் கொடுப்பதும் இதே கதை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்து, நெஞ்சுச் சத்தம் தெளியும் வரை அளவை இரட்டித்துக்கொண்டு போக வேண்டும் என்பதை ஒரு அட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இப்படி வந்தவர்களோடு மரியாதையாகக் கதைப்பதும் சிகிச்சைதான், அதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

எப்படிப் படிப்பிப்பது

புதிதாகப் பாடத்திட்டம் எழுத வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவும் சேர்ந்து செய்த அடிப்படை அவசர சிகிச்சைப் பயிற்சி, வசதி குறைந்த இடங்களுக்காகவே எழுதப்பட்டது. காயப்பட்டவர்களைப் பார்ப்பதற்கு பிரைமரி ட்ரோமா கெயார் என்று இன்னொன்று இருக்கிறது, அதன் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும்: இரண்டு நாள் பயிற்சி, அதில் நன்றாகச் செய்தவர்களுக்கு ஒரு நாள் ஆசிரியர் பயிற்சி, அடுத்த இரண்டு நாள் அவர்களே இன்னொரு தொகுதிக்குப் படிப்பிப்பார்கள், வந்தவர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள். ஐந்து நாளில் உங்கள் வேலை உள்ளூர் ஆட்களின் கைக்குப் போய்விடுகிறது. ஐந்து நாள் ஒதுக்க முடியாவிட்டால் பாடத்தைக் குறையுங்கள், ஆசிரியர் பயிற்சியைக் குறைக்காதீர்கள்.

பொம்மைகளைச் சுமந்துகொண்டு வரத் தேவையில்லை. நெஞ்சுக் குழாய் போடப் பழக ஆட்டு விலா, எலும்புக்குள் ஊசி ஏற்றப் பழகக் கோழித் தொடை எலும்பு, இறைச்சிக் கடையில் முதல் நாளே சொல்லி வைத்தால் தருவார்கள். வெளிநாட்டில் தையல் பழகப் பன்றிக் கால் பாவிப்பார்கள், இங்கே அதைக் கொண்டுவரவே கூடாது, காத்தான்குடியிலும் கல்முனையிலும் மட்டும் என்றில்லை, எங்கேயும் முஸ்லிம் ஊழியர்கள் இருப்பார்கள். காயப்பட்டவரின் கழுத்தை அசையாமல் பிடித்து ஆளைப் புரட்டும் பயிற்சிக்குப் பெண்களைப் பெண்களோடும் ஆண்களை ஆண்களோடும் விடுங்கள், கேட்காமலே அப்படிச் செய்துவிட்டால் எல்லோரும் தயங்காமல் சேர்வார்கள்.

பேச்சு தமிழில் இருக்கட்டும், மருந்துப் பெயரும் கருவிப் பெயரும் வழக்கம்போல ஆங்கிலத்திலேயே வரலாம். சிங்களம் மட்டும் தெரிந்த தாதியர் அம்பாறைப் பக்கம் நிறையப் பேர், மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள், பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்க இரண்டு மொழியும் தெரிந்த மிஸ்ஸி ஒருவரை முதலே பேசி வையுங்கள். இன்னொன்று, டொக்டர் கேள்வி கேட்டால் மிஸ்ஸிமார் தெரிந்தாலும் வாய் திறக்க மாட்டார்கள், அதுவும் தங்கள் வைத்தியசாலை டொக்டர் பக்கத்தில் நிற்கும்போது. ஆகவே கேள்வி கேட்பதைக் குறைத்து, செய்து காட்டச் சொல்லுங்கள். பிழை விட்டால் எல்லோருக்கும் முன்னால் திருத்தாமல், "இன்னொருக்கா செய்து பாப்பம்" என்று சேர்ந்து செய்யுங்கள்.

பெருந்தொகையாகக் காயப்பட்டவர்கள் வரும்போது யாரை முதலில் பார்ப்பது என்ற வகுப்பை நீங்கள் ஸ்லைடு போட்டுத் தொடங்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 2019 ஏப்ரல் 21 சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் காயப்பட்டவர்களை மட்டக்களப்பு வைத்தியசாலை ஏற்றது. அதற்கு முன் யுத்த காலம் முழுவதும் இருந்தது. அந்த நாட்களில் டியூட்டியில் நின்றவர்கள் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். சொல்ல விருப்பம் உள்ளவர்களை முதலில் சொல்ல விடுங்கள், சொல்லாதவர்களை வற்புறுத்தாதீர்கள், அதற்குப் பிறகு, யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் வர்ண அட்டைகளை எடுங்கள்.

போன பிறகு

கருவிகளை அன்பளிப்பாகக் கொண்டுவருவோர் கவனியுங்கள். ஒரு வைத்தியசாலையில் நல்ல மொனிட்டர் ஒன்று துணி போர்த்தி மூலையில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன், அதன் விரல் கேபிள் பழுதாகி, மாற்றுக் கேபிள் நாட்டிலேயே வாங்க முடியாமல். இங்கே வாங்கக்கூடிய உதிரிப் பாகம் உள்ள சாமானாகக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் அந்தக் காசுக்கு நான்கு அம்பு பையும் எல்லா அளவு முகமூடியும் வாங்கிக்கொடுங்கள். எதைக் கொடுத்தாலும் வைத்தியசாலை இருப்புப் புத்தகத்தில் பதிய வைத்துவிட்டுக் கொடுங்கள்.

1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் ஊழியர்களையும், முடிந்தால் பிரதேசத்து ஓட்டோச் சாரதிகள் சிலரையும் கடைசி நாளில் அரை நாள் கூப்பிடுங்கள், இரத்தப் போக்கை அமத்தி நிறுத்துவதும் மயங்கியவரைப் பக்கவாட்டில் படுக்க வைப்பதும் அவர்களுக்குப் போதும். வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கிவிட்டுப் போனால், நோயாளியின் பெயரும் முகமும் வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆட்களை அம்பு பை பிடித்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், யாருக்குக் காற்றுப் போகிறதோ அவருக்கு அந்த உள்ளூர் ஆசிரியர் போய்ச் சொல்லிக்கொடுக்கட்டும். அடுத்த லீவுக்கு வரும்போது திகதியை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.