பிள்ளையின் அடம் ஏன் கூடிக்கொண்டே போகிறது? வீட்டார் செய்யும் தவறுகள்

பிள்ளை சத்தமில்லாமல் விளையாடும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டம்ளரைத் தூக்கி எறிந்தால் அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவருகிறாள், அப்பா போனைக் கீழே வைக்கிறார், ஆச்சி "ஏல, என்னல செஞ்ச?" என்கிறாள். ஏசினோமே, இனி அடங்குவான் என்று நினைக்கிறோம். ஏச்சும் கவனிப்புதான். யாரும் கண்டுகொள்ளாமல் கிடப்பதைவிட அது பிள்ளைக்கு மேல்.

இதைவிடப் பெரிய தவறு, அடம் உச்சிக்கு ஏறியதும் இறங்கிப்போவது. ஆனித் தேரோட்டக் கூட்டத்தில், ரதவீதியில் பலூன் கேட்டுச் சிணுங்கும் பிள்ளைக்கு "கிடையாது" என்பார்கள். அவன் தரையில் புரண்டதும், "வாங்கிக் குடுத்துத் தொலைங்க, ஊரே பாக்குது". அவன் படித்துக்கொண்டது இதுதான்: சிணுங்கினால் போதாது, புரளணும். ஒரு நாள் கொடுத்து மறுநாள் மறுத்தால் இன்னும் மோசம். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வுக்கூடத்தில், எப்போதாவது மட்டும் தீனி கிடைத்துப் பழகிய விலங்குகள், தீனி நின்ற பிறகும் வெகுநேரம் விடாமல் முயன்றன.

1959இல் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் 21 மாதக் குழந்தை ஒன்றைப் பற்றி எழுதினார். பிறந்து 18 மாதம்வரை பெரும்பாலும் நோயில் கிடந்த குழந்தை. குணமான பிறகும் தூங்கும்வரை ஆள் பக்கத்தில் இருக்கணும். மருத்துவரிடம் காட்டி, கோளாறு இல்லை என்று தெரிந்தபின், பெற்றோர் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தார்கள், திரும்பிப் போகவில்லை. முதல் முறை 45 நிமிடம் அழுகை. பத்தாவது முறை சிணுங்கல்கூட இல்லை. ஒரு வாரம் கழித்து உறவுக்காரப் பெண் ஒருவர் படுக்கவைத்தார். அழுததும் மனசு கேட்காமல் உள்ளே போய்விட்டார். மறுபடி முதலிலிருந்து. (நம் வீடுகளில் இந்த வேலை ஆச்சிக்கும் தாத்தாவுக்கும். அவர்களிடம் முன்கூட்டியே பேசிவைக்காமல் தொடங்கவே வேண்டாம்.)

கண்டுகொள்வதை நிறுத்தியதும் அடம் முதலில் கூடவும் செய்யலாம். பலரும் அங்கேதான் "இது சரிப்படாது" என்று கைவிடுகிறார்கள். கூடிய அடத்துக்கே பலன் கொடுத்துவிடுகிறார்கள்.

கண்டுகொள்ளாமல் இருப்பது மட்டும் போதாது. அவன் ஒழுங்காக இருக்கிற நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்காருங்கள், கூப்பிட்டால் திரும்புங்கள். எல்லா அடமும் கவனத்துக்கென்றும் நினைக்கவேண்டாம். வீட்டுப்பாடத்திலிருந்து தப்பிக்க அழுகிறவனை எழுப்பி வெளியே அனுப்பினால் அவனுக்கு லாபம். பசி, காதுவலி என்றும் இருக்கலாம்.

தலையை முட்டிக்கொள்வது, தம்பியைக் கடிப்பது இவற்றைக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. அதிகம் பேசாமல் உடனே தடுங்கள். அடிக்கடி நடந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டலாம்.