பீரோவைத் திறக்கும் முன்: நீண்டநாள் நோயில் உதவி தேடுவோர் சறுக்கும் இடங்கள்

சிறுநீரகம் செயலிழந்துவிட்டது, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்தாக வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் நம் வீடுகளில் முதலில் திறப்பது பீரோ. நகை அடகுக்குப் போகும், சீட்டைத் தள்ளி எடுப்பார்கள், மச்சான் ஐம்பதாயிரம் கொடுப்பார். எல்லாம் கரைந்த பிறகுதான் ‘அரசாங்கத்துல ஏதாவது உண்டா’ என்ற விசாரிப்பு தொடங்கும். ஒருமுறை செய்து முடிக்கிற அறுவைச் சிகிச்சை என்றால் இப்படிச் சமாளித்துவிடலாம். டயாலிசிஸ் அப்படியில்லை. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கிற வரை, கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் ஓடுகிற செலவு அது. தமிழ்நாட்டில் இதற்கு உதவி இல்லாமல் இல்லை. ஆனால் பெரிய உதவிகளில் பல, செலவழிப்பதற்கு முன்னால் கேட்டால்தான் கிடைக்கும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012இல் இன்றைய பெயருக்கு மாறி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. டயாலிசிஸும் இதில் அடக்கம். கையிலிருந்து பணம் கட்டாமலே சிகிச்சை பெறுவதற்கான திட்டம் இது. அதனால் நீங்கள் கட்டி முடித்த பில்லைக் கொண்டுபோய் நீட்டினால் பணம் திரும்பி வராது. திட்டத்தின் பட்டியலில் உள்ள மருத்துவமனையாக இருக்க வேண்டும், அவர்கள் முன் ஒப்புதல் வாங்க வேண்டும். ஏழை நோயாளிகளுக்கு உதவும் மத்திய அரசின் ராஷ்டிரிய ஆரோக்கிய நிதியிலும் ஏற்கெனவே செலவழித்ததைத் தரமாட்டார்கள். ஆகவே மருத்துவமனையில் முதல் பில் கட்டும் முன் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் போய் நில்லுங்கள். பட்டியலில் உள்ள மருத்துவமனையே திட்டத்துக்குள் வரும் சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம்.

பெயரில் விழும் முடிச்சு

காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். கேட்க எளிதுதான். ஆனால் ஆதாரில் ‘தமிழ்ச்செல்வி’, ரேஷன் கார்டில் ‘செல்வி’, மருத்துவமனைச் சீட்டில் ‘டி. செல்வி’ என்று இருக்கும். வீட்டில் எல்லாருக்கும் அது ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். இன்னொரு சிக்கலும் உண்டு. மூத்த மகன் கல்யாணமாகித் தனி ரேஷன் கார்டு வாங்கியபோது அம்மாவின் பெயர் எந்தக் கார்டுக்குப் போனது என்று யாருக்கும் நினைவிருக்காது. நோயாளி ஐ.சி.யூ.வில் இருக்கையில் மகன் இ-சேவை மைய வரிசையில் நின்று பெயர் திருத்திக்கொண்டிருப்பதைவிடக் கொடுமை வேறில்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏற ஆரம்பித்து, இன்னும் டயாலிசிஸ் தேவைப்படாத அந்த இடைவெளிதான் இதையெல்லாம் சரிபார்க்க ஏற்ற நேரம்.

வேலையை உடனே விட்டுவிடுவது

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே அதிக நஷ்டம் தரும் தவறு இதுதான். ‘இனி வேலைக்குப் போக முடியாது’ என்று உடம்பு சொன்ன வாரத்திலேயே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சிலரை நிர்வாகமே அன்பாகப் பேசி எழுத வைத்துவிடும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் ஆகிக்கொண்டிருந்தால், உங்களுக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் மட்டும் கிடைப்பதாக நினைக்க வேண்டாம். நோயால் வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. அது முடிந்தால் நீட்டிக்கப்பட்ட நோய் உதவி என்று இன்னொன்று இருக்கிறது. இதற்கென 34 நீண்டநாள் நோய்களின் பட்டியல் உண்டு; சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய், காசநோய் எல்லாம் அதில் வருகின்றன. சம்பளத்தில் 80 சதவீதம், மருத்துவச் சான்றின் பேரில் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம். இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும், அந்தக் காலத்தில் குறைந்தது 156 நாட்களுக்குப் பிடித்தம் கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. தையல் நிறுவனத்திலும் மில்லிலும் வேலை பார்க்கும் எத்தனையோ பேர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பி.எஃப். பணத்தையும் அப்படித்தான் யோசிக்க வேண்டும்: வேலையில் இருக்கும்போதே மருத்துவச் செலவுக்கென்று முன்பணம் எடுக்க வழி இருக்கிறது, அதற்காக ராஜினாமா செய்து கணக்கை முடிக்க வேண்டியதில்லை.

‘சுகர் இருக்குன்னு எழுதாதீங்க சார்’

தனியார் மருத்துவக் காப்பீடு விற்கும் சில முகவர்கள் இப்படிச் சொல்லித்தான் விண்ணப்பத்தை நிரப்புகிறார்கள். பாலிசி கிடைத்துவிடும். இரண்டாம் ஆண்டு மருத்துவமனையில் சேர்ந்ததும் நிறுவனம் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்கும். அதில் ‘பத்து ஆண்டாகச் சர்க்கரை நோய்’ என்று ஒரு வரி இருக்கும்; கிளெய்ம் அதோடு சரி. ஏற்கெனவே உள்ள நோயைச் சொல்லி எடுத்தால் அதிகபட்சம் மூன்று ஆண்டு காத்திருப்பு என்று 2024இலிருந்து விதி இருக்கிறது. முன்பு நான்கு ஆண்டு. சொல்லிவிட்டுக் காத்திருப்பதுதான் லாபம். நியாயமில்லாமல் மறுத்துவிட்டார்கள் என்று தோன்றினால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது.

மாற்றுத்திறனாளி அட்டை விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலுள்ள 21 வகைகளில் சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. ‘வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம். மறுபக்கம், ரத்த நோய்களான ஹீமோஃபிலியா, தலசீமியா, நரம்பு நோய்களான பார்கின்சன், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ‘கை கால் நல்லாத்தானே இருக்கு’ என்று நினைத்து இவர்களில் பலர் விண்ணப்பிப்பதே இல்லை.

சின்னச் சலுகைகளைச் சின்னது என்று விட்டுவிடுவதும் உண்டு. டயாலிசிஸுக்கோ மாற்று அறுவைக்கோ ரயிலில் போகிறவருக்கும் கூட ஒருவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணத்தில் 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனை தரும் குறிப்பிட்ட படிவத்தோடு கவுன்ட்டரில் எடுக்க வேண்டும். பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்கு இந்த நோய்க்கான சிகிச்சைச் செலவில் 40,000 ரூபாய் வரை, 60 வயது தாண்டிய நோயாளி என்றால் 1 லட்சம் வரை கழிவு. சிறப்பு மருத்துவரின் சீட்டு அவசியம். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் திரவப் பைகள் வீட்டுக்கே வரும்.

பணம் அல்லாத உதவியைக் கேட்பதில்தான் நமக்குக் கூச்சம் அதிகம். பார்க்க வருகிறவர்கள் ‘என்ன வேணும்னாலும் சொல்லுங்க’ என்பார்கள். நாமும் ‘இருக்கட்டும், பாத்துக்கறோம்’ என்போம். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் மேசையில் சேரும். ஹார்லிக்ஸைப் பொட்டாசியம் பாஸ்பரஸ் கணக்குப் பார்த்துத்தான் குடிக்க வேண்டும் என்பது தனிக் கதை. அதற்குப் பதில், ‘வியாழக்கிழமை டயாலிசிஸ் பதினொரு மணிக்கு முடியும், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நீங்க பைக்ல கூட்டிட்டு வந்துடறீங்களா மாமா?’ என்று கேட்டுப் பாருங்கள். நாலு மணி நேரம் இயந்திரத்தோடு இருந்துவிட்டு வருகிறவருக்குத் தலை சுற்றும், பஸ்ஸில் நிற்க முடியாது. மாமா மாட்டேன் என்று சொல்ல மாட்டார். வாரா வாரம் அதே வேலையாக விடுப்புப் போட்டுக்கொண்டிருக்கும் மனைவிக்கும் ஒரு நாள் மிச்சமாகும்.