மைதானப் பராமரிப்பு வேலை: ரோபோ வருவதற்குள் விட வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தையோ மில் வளாகத்தையோ பார்த்துக்கொள்பவரிடம் என்ன வேலை என்று கேட்டால், ‘புல்லு வெட்டுறது, தண்ணி விடுறது’ என்பார். முதல் தவறு அந்தப் பதிலிலேயே இருக்கிறது. இயந்திரம் எடுத்துக்கொள்ளப்போவது அந்த இரண்டு வேலைகளைத்தான். புல்வெட்டும் ரோபோவும் டைமர் வைத்த பாசனமும் சொன்ன நேரத்துக்குச் சொன்னதைச் செய்யும். எந்த உயரத்தில் வெட்டுவது, எந்தத் தண்ணீர் எவ்வளவு, பச்சை ஏன் மஞ்சளாகிறது என்று அவற்றுக்குத் தெரியாது. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றைச் சுற்றியவை. கையால் செய்யும்போது இவை ஒரு வாரம் பொறுக்கும். இயந்திரத்திடம் கொடுத்தால் தினமும் நடக்கும்.

வெட்டுவதில்

லீவு முடிந்து வந்தால் புல் முழங்காலுக்கு நிற்கும். ஒரே நாளில் மொட்டையடித்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுத்தால் அது வேரில் வைத்திருந்த சேமிப்பைத் தின்றுதான் மறுபடி தழைக்க வேண்டும். வேர் குட்டையாகும், அடுத்த வெயிலில் திட்டுத் திட்டாகக் காயும், அந்த இடைவெளியில் கோரை ஏறும். 9 செ.மீ. புல்லை 6-க்கு இறக்குங்கள், நாலைந்து நாள் விட்டு 4-க்கு. சாதாரண அருகம்புல் தரைக்கு 25 முதல் 40 மி.மீ. போதும். கிரிக்கெட் அவுட்ஃபீல்டு என்றால் 15 முதல் 20 வரை இறக்கலாம், ஆனால் வாரம் இரண்டு வெட்டாவது வேண்டும். கத்திரி வெயிலில் எல்லாவற்றையும் ஒரு படி உயர்த்தி வையுங்கள்.

வெட்டிய மறுநாள் மைதானம் தூரத்திலிருந்து வெளிறித் தெரிகிறதா? ஒரு இலையைப் பறித்து நுனியைப் பாருங்கள். நார் நாராகக் கிழிந்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. நம் செம்மண் புழுதியில் 20, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை தீட்ட வேண்டும். தீட்டிய பிளேடை நடு ஓட்டையில் ஆணி செருகித் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் அராவ வேண்டும். சாய்வை அப்படியே விட்டு ஓட்டினால் அதிர்வு கிராங்க் பேரிங்கைத் தின்றுவிடும். பிளேடில் கை வைக்கும் முன் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றுவது கட்டாயம். மெஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் பக்கம் மேலே இருக்கட்டும். இல்லையென்றால் ஆயில் அந்த ஏர் ஃபில்டருக்குள் இறங்கி, அன்றைக்கு வண்டி கிளம்பாது.

பிரஷ் கட்டரில் (தோளில் மாட்டி வெட்டும் மெஷின்) நடப்பது பெரும்பாலும் ஆயில் தவறு. டூ ஸ்ட்ரோக் மெஷினுக்கு 40:1 என்று புத்தகத்தில் போட்டிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 25 மி.லி., 50:1 என்றால் 20 மி.லி. பாட்டில் மூடியில் உத்தேசமாக ஊற்றுவதுதான் ஊர் வழக்கம். குறைந்தால் பிஸ்டன் பிடித்துவிடும், கூடினால் பிளக் கரி பிடிக்கும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் கலந்ததை மாதக்கணக்கில் கேனில் வைக்காதீர்கள். இரண்டு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள். நைலான் நரம்பை இளம் வேம்பு, புங்கையின் அடித்தண்டில் உரசவிடுவது இன்னொரு தவறு. பட்டை சுற்றிலும் உரிந்த கன்று ஆறு மாதத்துக்குப் பிறகு காயும்போது யாருக்கும் காரணம் தெரியாது. தண்டைச் சுற்றி ஒரு அடி வட்டத்துக்குப் புல்லே இல்லாமல் சருகு போட்டு வைத்தால் அங்கே மெஷின் போகவே வேண்டியதில்லை.

தண்ணீரில்

மதுரையில் இந்தத் தொழிலை ஆட்டிவைப்பது தண்ணீர்தான். மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். மாசியிலிருந்து போர் தண்ணீரை நம்ப வேண்டும். அது பல இடங்களில் உப்பு.

தினமும் பத்து நிமிடம் நனைப்பதுதான் மிகப் பரவலான தவறு. மேல் இரண்டு செ.மீ. மண் மட்டும் ஈரமானால் வேரும் அங்கேயே நிற்கும். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. தண்ணீர் என்றால் 1 லிட்டர். சித்திரை, வைகாசியில் புல்லுக்கு நாளொன்றுக்கு சுமார் 5 மி.மீ. வேண்டும் என்று வைத்தால், 1,000 சதுர மீட்டருக்கு 5,000 லிட்டர். அதைத் தினமும் தூவாமல் மூன்று நாளுக்கு ஒரு முறை 15 மி.மீ. ஆகக் கொடுங்கள். விடியற்காலைதான் நேரம். சாயங்காலம் விட்டால் இரவெல்லாம் இலை ஈரமாக நின்று பூஞ்சணம் பிடிக்கும்.

ஸ்பிரிங்ளர் எவ்வளவு ஊற்றுகிறது என்று தெரியாமல் டைமர் வைப்பவர்கள் நிறைய. ஒரே அளவுள்ள பத்து டப்பாக்களை ஆங்காங்கே வைத்து 15 நிமிடம் ஓட்டுங்கள். ஸ்கேலால் அளந்தால் சராசரி 4 மி.மீ. வருகிறது என்று வையுங்கள், அப்படியானால் 15 மி.மீ.க்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓட வேண்டும். ஒரு டப்பாவில் 2, இன்னொன்றில் 6 என்றால் நேரத்தைக் கூட்டிப் பயனில்லை; நாசில் அடைப்பு, அழுத்தம், தலைகளுக்கு இடையிலுள்ள தூரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் ஒரே மூச்சில் விட்டால் மேலே ஓடி வடிந்துவிடும். 15 நிமிடம் விட்டு, அரை மணி நிறுத்தி, மறுபடி விடுங்கள். நல்ல கண்ட்ரோலர்களில் இதற்கென்றே ஒரு செட்டிங் உண்டு, தொடுபவர்தான் குறைவு.

போர் தண்ணீரைச் சோதிக்காமலே வருடக்கணக்கில் விடுவது அடுத்தது. தண்ணீரின் உப்பைக் காட்டும் இ.சி. (மின்கடத்து திறன்) அளவு மீட்டருக்கு 0.75 டெசிசைமன்ஸுக்குள் இருந்தால் கவலை இல்லை, 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான செடிகள் தாங்காது. அருகு ஓரளவு உப்புக்குத் தாக்குப்பிடிக்கும், பூச்செடிகள் அப்படியல்ல. மண் மேல் வெள்ளையாகப் பூத்தால், உடனே நிறையத் தண்ணீர் ஒரே தடவை விட்டு உப்பைக் கீழே இறக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் உப்பு மேலேயே தங்கும். மண்ணில் சோடியம் மிகுந்திருந்தால் ஜிப்சம் வேண்டும், எவ்வளவு என்பதை மண் பரிசோதனை சொல்லும். ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பரிசோதனை பற்றி அங்கே விசாரிக்காமல் உர மூட்டை வாங்குவது காசைக் கரைப்பது.

டைமர் வந்த பிறகு புதிதாய் முளைத்த தவறுகள் தனி. மழை சென்சார் மாட்டாததால் அடைமழையில் ஸ்பிரிங்ளர் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். விடியற்காலை கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் கண்ட்ரோலர் வால்வைத் திறந்து மூடிவிடும், மோட்டார் ஓடியிருக்காது, ஆனால் கண்ட்ரோலரின் கணக்கில் பாசனம் முடிந்தது. வால்வு திறக்கும் முன் மோட்டார் ஓடினால் பைப் ஜாயின்ட் பிய்ந்துகொள்ளும். அதனால் முதலில் வால்வு, சில விநாடி கழித்து மோட்டார். நிறுத்தும்போது முதலில் மோட்டார். சொட்டு நீர் ஃபில்டரை வாரம் ஒருமுறையாவது கழற்றிக் கழுவாவிட்டால் எமிட்டர்கள் (தண்ணீர் சொட்டும் துளைகள்) ஒவ்வொன்றாகக் கண்ணை மூடும். ஈரப்பத சென்சாரை எமிட்டருக்கு நேர் கீழே புதைத்தால் அது எப்போதும் ‘ஈரம் இருக்கிறது’ என்றே சொல்லும். வேர் இருக்கும் ஆழத்தில், சுமார் 10 செ.மீ., எமிட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். உப்பு மிகுந்த மண்ணில் சில சென்சார்கள் இருப்பதைவிட அதிக ஈரம் காட்டும். ஒரு கம்பியைக் குத்திப் பார்த்து ஒப்பிடும் வழக்கத்தை விடாதீர்கள்.

மஞ்சளைப் பார்த்ததும் யூரியா

அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. புது இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இட்லிப்பூச் செடி முதலில் இதைக் காட்டிக்கொடுக்கும். இதற்கு யூரியா போட்டால் பணமும் போகும், புல்லும் கருகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்ஃபேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து வெயில் தாழ்ந்த பின் தெளியுங்கள். நடைபாதை சிமென்ட்டில் பட்டால் துருக்கறை போகவே போகாது, பார்த்து.

யூரியாவே தேவைப்பட்டால் சதுர மீட்டருக்கு 10 கிராம், 1,000 சதுர மீட்டருக்கு 10 கிலோ. பாதியை நெடுக்காகவும் பாதியைக் குறுக்காகவும் விசிறுங்கள். விசிறும்போது இலை காய்ந்திருக்க வேண்டும், முடிந்ததும் உடனே தண்ணீர்.

மணல் போடுவதிலும் இதே அவசரம் உண்டு. களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் இளகும் என்று நினைத்துக் கலப்பார்கள், அது செங்கல் மாதிரி இறுகும். முதலில் 7 முதல் 10 செ.மீ. ஆழத்துக்குத் துளை போட்டு, மேலே 3 மி.மீ. கனத்துக்கு மட்டும் மணல் பரப்ப வேண்டும். 1,000 சதுர மீட்டருக்கு அது ஏறக்குறைய ஒரு யூனிட். எம்-சாண்ட் என்றால் ஒரு பாட்டிலில் கால் பங்கு போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மேலே பொடி தடிப்பாகப் படிந்தால் அந்த லோடு வேண்டாம்.

ரோபோவை நம்புவதிலும் வெறுப்பதிலும்

ரோபோ புல்வெட்டி தினமும் சில மி.மீ. நுனியைத்தான் கிள்ளும். துணுக்குகள் அங்கேயே உதிர்ந்து உரமாகும். கார்த்திகை மழையில் பத்து நாள் நிறுத்தி வைத்துவிட்டு, கணுக்கால் உயரப் புல்லில் இறக்கினால் திணறி நிற்கும். முதலில் ஆள் இறங்கி வெட்டி உயரத்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். ஓரங்கள், மரத்தடி, கம்பி வேலிக்கடி எல்லாம் எப்படியும் ஆள் வேலைதான். ஷேவிங் பிளேடு மாதிரியான சின்னப் பிளேடுகள் நம் மண்ணில் சீக்கிரம் மழுங்கும், மாற்றிய தேதியை எழுதி வையுங்கள்.

எல்லை ஒயர் (ரோபோ தாண்டிப் போகாமல் ஓரத்தில் பதிக்கும் கம்பி) உள்ள வகையில், மம்பட்டி பட்டு ஒயர் அறுவது சாதாரணம். அதை இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டினால் முதல் மழையில் மறுபடி நிற்கும். ஜெல் அடைத்த கனெக்டர் போட வேண்டும். ஒயர் போன தடத்தைப் படமாக வரைந்து வைக்காத இடங்களில் அறுந்த இடத்தைத் தேடியே நாள் போகும். செயற்கைக்கோளை நம்பி ஓடும் வகைக்கு வானம் தெரிய வேண்டும். தூங்குமூஞ்சி மரங்கள் குடை விரித்த பழைய வளாகங்களில் அது வழி தடுமாறும். சார்ஜ் ஆகும் மேடைக்கு நல்ல எர்த்தும் சர்ஜ் பாதுகாப்பும் இல்லாவிட்டால் ஒரே இடியில் போர்டு போய்விடும். இரவில் ஓட்டாதீர்கள், தவளையும் தேரையும் விலகத் தெரியாமல் மாட்டும். வெள்ளாடு உள்ளே புகுந்தால் அதற்கு ரோபோவிடம் பதில் இல்லை. நியாயமாகப் பார்த்தால் ஆடுதான் இந்த ஊரின் முதல் தானியங்கிப் புல்வெட்டி.

இதையெல்லாம் பார்த்து ‘இது இங்கே ஓடாது’ என்று ஒதுக்குவது அடுத்த தவறு. பெரிய, சமமான, திறந்த மைதானத்தில் அது ஓடத்தான் செய்யும். கம்பெனி ஆள் வந்து மாட்டும் அன்று கூடவே நின்று, எல்லை வரைவது, பிளேடு மாற்றுவது, பிழை எண் பார்ப்பது மூன்றையும் கற்றுக்கொள்ளாதவரைத்தான் நிர்வாகம் முதலில் குறைக்கும்.

செயற்கைத் தரை வந்தால் ஆளே வேண்டாம் என்பதும் தப்புக்கணக்கு. 2025-ல் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டிகள் சென்னையிலும் மதுரையிலும் நடந்தன. ஹாக்கியின் தண்ணீர்த் தரையை ஆட்டத்துக்கு முன் நனைக்க வேண்டும், தூசி கூட்ட வேண்டும், பாசி பிடிக்காமல் பார்க்க வேண்டும். ரப்பர் துகள் போட்ட கால்பந்துத் தரையில் துகளைக் குறைந்த இடத்துக்கு இழுத்துவிட்டு, இழைகளைத் தவறாமல் பிரஷ் போட்டு நிமிர்த்த வேண்டும். மதுரை வெயிலில் நண்பகலில் அந்தத் தரை தொட முடியாமல் கொதிக்கும். எத்தனை மணிக்குப் பிள்ளைகளை இறக்கலாம் என்று சொல்லவும் ஓர் ஆள் வேண்டும்.

சம்பளப் பக்கம்

இந்த வேலையில் பெரும்பாலோர் காண்ட்ராக்ட் மூலம்தான் இருக்கிறார்கள். பி.எஃப். பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதோடு நின்றுவிடுகிறார்கள். 12 இலக்க யு.ஏ.என். எண்ணை (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கேட்டு வாங்கி, பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று போனிலேயே பாருங்கள். காண்ட்ராக்டர் மாறும்போது புது எண் தொடங்க விடாதீர்கள், பழைய எண்ணையே கொடுங்கள்.

வேலைப் பதிவு நோட்டு வைக்காததும் சம்பளத்தைத்தான் தொடும். மெஷின் ஓடிய மணி, பெட்ரோல், தண்ணீர் மீட்டர், உரம், பிளேடு தேதி, மழை பெய்த நாள் ஆகியவை தினம் நாலு வரி. அடுத்த காண்ட்ராக்டின்போது எத்தனை ஆள் வேண்டும் என்று மேசையில் பேசுவார்கள். அப்போது கையில் அந்த நோட்டு இருக்க வேண்டும்.